பத்து ஆட்டம்... இரண்டே வெற்றி... ஒரு ஊரையே எழுந்து நிற்க வைத்த அணி!

பத்து ஆட்டங்கள் ஆடி எட்டில் தோற்ற ஓர் அணியை, அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் யாராவது கொண்டாடுவார்களா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ நதிக்கரையில் இருக்கும் ஹன்டிங்டன் என்ற ஊர் கொண்டாடுகிறது. அங்குள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் 1971-ம் ஆண்டு அணி அது. அதற்குப் பின்னால் வந்த அணிகள் தேசிய சாம்பியன் பட்டங்களையே வென்றிருக்கின்றன. ஆனாலும், அந்த ஊர்ப் பெரியவர்களிடம் மனசுக்கு நெருக்கமான சீசன் எது என்று கேட்டால், சாம்பியன் ஆன வருடத்தைவிட தோற்றுக்கொண்டே இருந்த இந்த வருடத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய வருடத்துக்குப் போக வேண்டும்.

காலால் ஆடாத ஃபுட்பால்

நமக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து ஆடுவது. அமெரிக்கர்களின் ஃபுட்பால் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது தூக்கி எறிய வேண்டும். தலைக்கவசம், தோள் கவசம் அணிந்த 11 பேர் ஒரு பக்கம், 11 பேர் மறுபக்கம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். எதிராளியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதற்குப் பிறகு உதைக்கும் உதை சரியாகப் போனால் இன்னும் 1. தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு இடையில் உதைத்து அனுப்பினால் 3.

அங்கே கல்லூரி அணி என்பது மாணவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. பெரிய நகரங்கள் இல்லாத மாநிலங்களில் ஊருக்கே அதுதான் அணி. சனிக்கிழமை மதியம் டாக்டர், வக்கீல், கடைக்காரர், தொழிற்சாலைத் தொழிலாளி எல்லோரும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஹன்டிங்டனும் அப்படி ஓர் ஊர்தான். அணியின் பெயர் 'தண்டரிங் ஹெர்ட்'. இடி போல் முழங்கி ஓடும் மந்தை என்று பொருள். பச்சையும் வெள்ளையும் அதன் நிறம்.

பெயரில் இருந்த இடி ஆட்டத்தில் இருந்ததில்லை. 1960-களின் கடைசியில் தொடர்ந்து 27 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. மாணவர்களைச் சேர்ப்பதில் விதிமீறல் என்ற குற்றச்சாட்டில், ஆடிக்கொண்டிருந்த கூட்டமைப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டது. 'இனிமேலாவது நிமிரும்' என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த இரவு வந்தது.

அந்த மழை இரவு

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியுடன் ஆட்டம். 17-14 என்ற கணக்கில், மூன்றே புள்ளிகளில் தோல்வி. வழக்கமாகப் பேருந்தில் போகும் அணி, தூரம் அதிகம் என்பதால் அன்று வாடகை விமானத்தில் போயிருந்தது. திரும்பி வரும்போது மழை, மூடுபனி. ஹன்டிங்டன் விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் இருந்த குன்றின் மரங்களில் விமானம் உரசி, விழுந்து, தீப்பிடித்தது.

விமானத்தில் இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 வீரர்கள். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலியும் துணைப் பயிற்சியாளர்களும். இவர்களோடு, அணியை உற்சாகப்படுத்தக் கூடவே போன ஊர்ப் பிரமுகர்கள். அவர்களில் பலர் தம்பதியாகப் போயிருந்தார்கள். அதனால் அந்த ஒரு இரவில் 70 பிள்ளைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். அவர்களில் 18 பேருக்கு இரண்டு பேருமே இல்லாமல் போனார்கள்.

ஆறு வீரர்களின் உடல்களை இன்னார் என்று பிரித்தறிய முடியவில்லை. ஊரின் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஆறு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ஒரே அணிக்கு நேர்ந்த மிகக் கொடிய விமான விபத்து என்று இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீடு வந்து தாங்கும். தெரு முழுக்க இழவு வீடாக இருந்தால் யார் வந்து யாரைத் தாங்குவது? ஹன்டிங்டனில் அந்த நவம்பர் அப்படித்தான் போனது. ஒரு இறுதிச் சடங்கு முடிந்து அடுத்த சடங்குக்குப் போனார்கள். ஒரே நாளில் பல சடங்குகளுக்குப் போனவர்களும் உண்டு.

இனி எதற்கு ஃபுட்பால்?

துக்கம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. இனி இந்த ஆட்டம் தேவையா?

வேண்டாம் என்றவர்களிடம் நியாயம் இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் எந்த மனதோடு அந்தப் பச்சைச் சட்டையை மைதானத்தில் மறுபடி பார்ப்பாள்? கைதட்டலும் கொட்டு முழக்கமும் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா? கொஞ்ச வருடம் போகட்டுமே என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. அந்தப் பையன்கள் உயிருக்கு உயிராக நேசித்த ஒன்றை அவர்களோடு சேர்த்துப் புதைத்துவிடுவதா? உயிரோடு மிஞ்சிய சில வீரர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். நேட் ரஃபின் அவர்களில் ஒருவர். காயம் பட்டிருந்ததால் அந்தப் பயணத்துக்குப் போகாதவர். இன்னொரு வீரர், தந்தையின் இறுதிச் சடங்குக்காக டெக்ஸாஸ் போயிருந்ததால் தப்பினார். ஒரு சாவு இன்னொரு சாவிலிருந்து காப்பாற்றிய விநோதம் அது.

பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் டொனால்ட் டெட்மன். அணியைத் தொடர்வது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. ஆனால் ஆட ஆள் வேண்டுமே? அன்றைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. அந்த விதியைத் தங்களுக்கு மட்டும் தளர்த்தித் தரும்படி மார்ஷல் கேட்டது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சம்மதித்தது.

காலி நாற்காலி

அடுத்த சிக்கல், பயிற்சியாளர். இறந்துபோனவரின் நாற்காலியில் உட்கார எத்தனை பேர் முன்வருவார்கள்? வேலையை ஒப்புக்கொண்ட ஒருவர் சில நாட்களிலேயே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அணி இல்லை, அனுபவம் உள்ள ஆட்கள் இல்லை, ஜெயிக்க வாய்ப்பே இல்லை. போதாததற்கு, எதிரே வரும் ஒவ்வொரு முகத்திலும் துக்கம்.

1971 மார்ச் மாதம் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜாக் லெங்யெல். ஒஹாயோ மாநிலத்தில் வூஸ்டர் என்ற சிறிய கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர். முப்பதுகளில் இருந்தார். பெரிய பெயர் எதுவும் இல்லை. இந்த வேலைக்கு அவராகவே விருப்பம் தெரிவித்து வந்தார்.

அவருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர் ரெட் டாசன். பழைய பயிற்சியாளர் குழுவில் இருந்தவர். விபத்து நடந்த நாளில் அவர் விமானத்தில் வரவில்லை. புதிய மாணவர்களைப் பார்த்துச் சேர்க்கும் வேலையாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் வானொலியில்தான் செய்தி கேட்டார். இறந்த வீரர்களில் பலரை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவரே அவர்தான். பெற்றோரின் கையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்தவர், அதே வீட்டுப் படியேறி இறுதிச் சடங்குக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது.

அந்த மனிதர் மறுபடி மைதானத்துக்கு வருவார் என்று யார் எதிர்பார்க்க முடியும்? ஆனாலும் அவர் ஒரே ஒரு சீசன் மட்டும் கூட இருந்து உதவினார். புதியவருக்குப் பழைய வீட்டின் கதவு ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட ஒருவர் வேண்டாமா? அது முடிந்ததும் பயிற்சித் தொழிலையே விட்டுவிட்டார். அதே ஊரில் கட்டுமானத் தொழில் செய்துகொண்டு, பல வருடங்கள் அந்தச் சம்பவம் பற்றி வெளியில் வாய் திறக்காமலே வாழ்ந்தார்.

எதிரி கொடுத்த பாடப்புத்தகம்

லெங்யெல் கையில் இருந்தது என்ன? பயணம் போகாததால் மிஞ்சிய மூன்று நான்கு பேர். முந்தைய வருடம் முதலாம் ஆண்டு படித்ததால் பிரதான அணியில் இல்லாத இளைஞர்கள். பள்ளி முடித்து அப்போதுதான் வந்திருந்த 18 வயதுப் பிள்ளைகள். இவர்களோடு, பல்கலைக்கழகத்தின் மற்ற விளையாட்டு அணிகளிலிருந்து வந்த சிலர். பந்தை உதைக்கும் பொறுப்பு, காலால் ஆடும் கால்பந்து அணியிலிருந்து வந்த ஒரு மாணவருக்குப் போனது. இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த செல்லப்பெயர் 'யங் தண்டரிங் ஹெர்ட்'. இளம் மந்தை.

பலமான ஆட்களை வைத்து மோதி முன்னேறும் ஆட்டமுறை இவர்களுக்கு ஒத்துவரவில்லை. உடம்பில் எடையும் இல்லை, அனுபவமும் இல்லை. வேகமும் குழப்பமும்தான் ஆயுதமாக முடியும் என்று லெங்யெல் கணக்குப் போட்டார். அதற்கேற்ற ஆட்டமுறை ஒன்று அப்போது பிரபலமாகி வந்தது. 'வியர்' என்று பெயர். பந்தைக் கையாளும் குவார்ட்டர்பேக், எதிராளி எப்படி நகர்கிறான் என்று பார்த்து அந்தக் கணத்திலேயே முடிவு செய்வார். பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுக்கலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம், இல்லை வெளிப்பக்கம் ஓடுபவனுக்கு எறியலாம். கபடியில் ஒரு பக்கம் போக்குக் காட்டி இன்னொரு பக்கம் பாய்வது போலத்தான்.

அதை யாரிடம் போய்க் கற்பது? அதே மாநிலத்தில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் இந்த முறையை ஆடிக்கொண்டிருந்தது. பெரிய பல்கலைக்கழகம், ஒரே மாநிலம், ஒரே மாணவர்களுக்காகப் போட்டி போடும் அணி. பொதுவாக எந்தப் பயிற்சியாளரும் தன் ஆட்டத் திட்டத்தை அடுத்தவர் கண்ணில் காட்ட மாட்டார். ஆனால் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாபி பௌடன், மார்ஷல் குழுவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆட்டப் படச் சுருள்களையும் திட்டப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். விபத்துக்குப் பிறகு தன் வீரர்களின் தலைக்கவசத்தில் பச்சைச் சிலுவையும் 'எம்.யூ.' என்ற எழுத்துகளும் பொறிக்கச் செய்தவரும் இவர்தான். பிற்காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவராக பௌடன் கொண்டாடப்பட்டார். அவர் வென்ற ஆட்டங்களின் பட்டியலில் இந்த உதவி இடம்பெறாது. மார்ஷல்காரர்கள் மட்டும் மறக்கவில்லை.

கடைசி நொடி

1971 செப்டம்பர் 18. முதல் ஆட்டம், வெளியூரில். மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோல்வி. எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 25. விபத்துக்குப் பிறகு சொந்த ஊரில் முதல் ஆட்டம். ஃபேர்ஃபீல்டு மைதானத்தில் எதிரே நின்றது சேவியர் பல்கலைக்கழக அணி.

யாரும் பெரிதாக நம்பி வரவில்லை. தோற்றாலும் பரவாயில்லை, பிள்ளைகள் தனியாக நிற்கக் கூடாது என்று வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் ஆட்டம் அப்படிப் போகவில்லை. முதலில் மார்ஷலுக்கு 3 புள்ளிகள். அப்புறம் சேவியர் முந்தியது. மார்ஷல் மறுபடி முந்தியது. சேவியர் மறுபடியும் முந்தியது. கடைசியில் கணக்கு 13-9. மார்ஷல் பின்தங்கி நிற்கிறது. உதைத்து 3 புள்ளி எடுத்தால் போதாது. எல்லைக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். 13 கெஜம் பாக்கி. ஒரே ஒரு வாய்ப்புக்குத்தான் நேரம் இருந்தது.

குவார்ட்டர்பேக் ரெஜி ஆலிவர் பந்தை வாங்கி ஒரு பக்கமாக ஓடினார். எதிரணி மொத்தமும் அவரைத் துரத்தியது. சட்டென்று திரும்பி மறுபக்கம் எறிந்தார். அங்கே காத்திருந்தவர் டெர்ரி கார்ட்னர், முதலாம் ஆண்டு மாணவர். போன வருட விதி இருந்திருந்தால் அன்று மைதானத்துக்குள் காலே வைத்திருக்க முடியாதவர். பந்தைப் பிடித்தார். முன்னால் ஓடிய சக வீரர் ஜாக் கிராப்ட்ரீ, மறித்து வந்தவரைத் தடுத்து வழி விட்டார். கார்ட்னர் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தில் நேரம் இல்லை.

மார்ஷல் 15, சேவியர் 13.

மைதானத்துக்குள் ஜனம் கொட்டியது. வீரர்கள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோதும் கூட்டம் கலையவில்லை. பத்து மாதமாக ஒருவரை ஒருவர் பார்த்தால் அழுதுகொண்டிருந்த ஊர், அன்றும் அழுதது. ஆனால் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டே அழுதது.

கதை இங்கே முடியவில்லை

சினிமாவாக இருந்தால் இதோடு 'சுபம்' போட்டுவிடலாம். 2006-ல் 'வி ஆர் மார்ஷல்' என்று ஹாலிவுட்டில் படமாக எடுத்தபோது, இந்த வெற்றியைத்தான் உச்சக்கட்டமாக வைத்தார்கள். லெங்யெல் வேடத்தில் நடித்தவர் மேத்யூ மெக்கானஹே.

வாழ்க்கையில் அடுத்த வாரமும் ஆட்டம் உண்டு. மயாமி என்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் மார்ஷல் 66-6 என்று நொறுங்கியது. அதற்குப் பிறகும் தோல்விதான். 18, 19 வயதுப் பிள்ளைகள், தங்களைவிட மூன்று நான்கு வயது மூத்த, அனுபவப்பட்ட ஆட்களிடம் வாரா வாரம் அடிபட்டு எழுந்தார்கள். இத்தனை சீக்கிரம் இவர்களை மைதானத்தில் இறக்கியது சரிதானா என்ற பழைய கேள்வி அந்த வாரங்களில் மறுபடி சிலர் மனதில் எழுந்திருக்கும். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்றைக்கும் இல்லை.

அக்டோபர் கடைசியில், முன்னாள் மாணவர்கள் கூடும் வார ஆட்டத்தில், பலம் வாய்ந்த பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று மார்ஷல் வென்றது. சேவியரை வென்றது அதிர்ஷ்டம் என்றவர்களுக்கு அது பதில். சீசன் முடிவில் கணக்கு, 2 வெற்றி, 8 தோல்வி.

லெங்யெல் நான்கு சீசன் இருந்தார். மொத்தம் 9 வெற்றி, 33 தோல்வி. 1974 சீசனோடு கிளம்பினார். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் தோற்றுப்போன பயிற்சியாளர்தான். மார்ஷலுக்குத் தோல்வியைவிட வெற்றி அதிகமாகக் கிடைத்த சீசன் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அப்படி ஒரு சீசன் அமைந்தது 1964-ல். நடுவில் இருபது வருடம்! அந்த இருபது வருடமும் ஊர் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தது.

பிறகு காலம் மாறியது. 1992-ல் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 1996-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 15-க்கு 15 வென்று மறுபடி சாம்பியன். அந்த 1996 அணிக்குப் பயிற்சி கொடுத்த பாப் புரூவெட், மார்ஷலிலேயே படித்து ஆடியவர். 1971-ல் 'வேண்டாம்' என்று கதவை மூடியிருந்தால் இவர்கள் யாருக்கும் திரும்பி வர ஓர் இடம் இருந்திருக்காது. லெங்யெல் கோப்பை எதையும் விட்டுப் போகவில்லை. ஆடுவதற்கு ஓர் அணியை விட்டுப் போனார்.

குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். தலைமகன் போன வீட்டில் கடையைத் தொடர்ந்து திறந்து வைத்த தம்பி. அம்மா போன பிறகு அடுப்பை அணையவிடாத அக்கா. கடை அவர் காலத்தில் லாபம் பார்த்திருக்காது, சமையலில் அம்மாவின் கைமணமும் வந்திருக்காது. ஆனால் அடுத்த தலைமுறை வந்து உட்கார வீடு இருந்தது. அவர்களைப் பற்றி யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை.

லெங்யெல் பின்னாளில் அமெரிக்கக் கடற்படை அகாடமியின் விளையாட்டு இயக்குநராகப் பல வருடம் பணியாற்றினார். பெரிய பதவி. என்றாலும் அவர் பெயரைச் சொன்னால் மக்கள் நினைவுக்கு வருவது அந்தத் தோற்ற சீசன்தான்.

மார்ஷல் வளாகத்தின் நடுவில் 1972 நவம்பரில் திறக்கப்பட்ட ஒரு நீரூற்று இருக்கிறது. இறந்த 75 பேரின் நினைவாக எழுப்பியது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14 அன்று மாணவர்களும் ஊர்க்காரர்களும் அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். நீரை நிறுத்துகிறார்கள். வசந்த காலம் வரும்வரை அது ஓடாது. விபத்தின் 50-ம் ஆண்டான 2020-ல், படிப்பை முடிக்காமலே போய்விட்ட அந்த வீரர்களுக்குப் பல்கலைக்கழகம் பட்டமும் வழங்கியது. 19, 20 வயதில் நின்றுபோன பிள்ளைகளுக்காக அக்காக்களும் தம்பிகளும் பெருமைப்பட அதில் ஒரு காகிதம் கிடைத்தது.